நான்காம் தூணின் காவல்

மீசை வைத்தால் என் சகலைக்கு எடுப்பாக இருக்கும் என்று முதன்முதலில் சொன்னது நான்தான். அவருக்குக் கல்யாணமான புதிதில், விருந்து முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது போகிற போக்கில் சொன்னேன். அடுத்த மாதம் மீசையோடு வந்து நின்றார். ராஜா மாதிரி இருக்கிறார் என்று மாமியார் வீடே கொண்டாடியது. யோசனை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நான் நிதானமாகவே சொல்கிறேன். நான் கொண்டுவந்த கோப்பைப் பிறகு பிரிக்கலாம். ஆட்களைத் தெரிந்துகொண்டால்தான் கோப்பு புரியும்.

என் மனைவி மூத்தவள். அவள் தங்கையைக் கட்டியவர் சகலை. என்னைவிட எட்டு வயது சின்னவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இருவரும் பொறியாளர்கள், இருவருக்கும் பாலத்து அலுவலகத்தில்தான் வேலை. அவருடைய விண்ணப்பத்தைக் கையோடு வாங்கிப்போய் மேலாளரின் மேசையில் வைத்ததே நான்தான். அவர் நல்ல மனிதர். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது.

பாலம் உங்களுக்குத் தெரியும். ஆறு கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் குறுக்கே போகிறது. துறைமுகம் பாலத்துக்கு உள்பக்கம். அதனால் வருகிற கப்பலும் போகிற கப்பலும் நான்காம் தூணுக்கும் ஐந்தாம் தூணுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் போக வேண்டும். ஐந்தாம் தூணைச் சுற்றிப் பாறை. கப்பல் தடம் மாறினாலும் தூணைத் தொடுமுன் தரைதட்டிவிடும். நான்காம் தூண் ஆழத்தில் நிற்கிறது. மேலிருந்து எவ்வளவு எடை வைத்தாலும் தாங்கும். பக்கவாட்டில் ஒரு கப்பல் வந்து மோதினால் தாங்காது. தூண்கள் அதற்காகக் கட்டப்படுபவை அல்ல.

பதினோரு வருடங்களுக்கு முன், கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போன காலத்தில், நான்காம் தூணுக்கு ஒரு காவல் வேண்டும் என்று முடிவானது. நான் ஒரு திட்டம் போட்டேன். தூணைச் சுற்றி ஆற்றின் அடியிலிருந்தே கல்லைக் கொட்டிச் சரிவாக ஒரு தீவு எழுப்புவது. எந்தக் கப்பல் வந்தாலும் அதில் ஏறித் தரைதட்டி நின்றுவிடும். எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தேன். நூற்று அறுபது பக்கம்.

கமிட்டி கூடிய அன்று சகலைக்கும் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அவர் ஒரு டம்ளரை மேசையில் வைத்தார். அதன் முன்னால் மூன்று ரப்பர் முத்திரைகளை நிறுத்தினார். ஒரு தீப்பெட்டியை எடுத்து டம்ளரைப் பார்த்துத் தள்ளினார். தீப்பெட்டி முத்திரையில் இடித்து, ஒருக்களித்துத் திரும்பி, டம்ளரைத் தொடாமல் நழுவிப் போனது.

"கப்பலை நிறுத்தணும்னு அவசியமே இல்ல சார். லேசா திருப்பிவிட்டா போதும், அது பாட்டுக்குப் போயிடும்" என்றார்.

கமிட்டித் தலைவர் சிரித்துக்கொண்டே தீப்பெட்டியை வாங்கித் தானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர் தள்ளிப் பார்த்தார். என் நூற்று அறுபது பக்கத்தில் அவர்கள் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. கல் தீவு போட்டால் கப்பல் போகும் தடம் குறுகிவிடும், நீரோட்டம் வேகமாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். அதற்கான பதில் தொண்ணூற்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

அப்படித்தான் டால்பின்கள் வந்தன. இரும்புத் தகடுகளை வட்டமாக ஆற்றுமண்ணில் இறக்கி, உள்ளே கல்லும் கான்கிரீட்டும் நிரப்பிய பெரிய உருளைகள். அவற்றை எல்லா நாட்டிலும் டால்பின் என்றுதான் சொல்வார்கள். மாமியாருக்கு டால்பின் என்றால் மீன்தான். இளைய மாப்பிள்ளை ஆற்றில் டால்பின் வளர்க்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தார். நானும் சிரித்தேன். நகைச்சுவைக்குச் சிரிக்கத் தெரியாதவன் அல்ல நான்.

டால்பின் நிற்பது மண்ணின் பிடிப்பில். நீரோட்டம் அடிமண்ணை அரிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் முங்கிப் பார்க்க வேண்டும், அரித்திருந்தால் சுற்றிலும் கல் கொட்ட வேண்டும். இதையும் சகலை தன் திட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தார். பராமரிப்புக்குப் பொறுப்பு நான். அவர் பெற்றதை நான் வளர்க்க வேண்டும் என்று ஆயிற்று. அன்று மாலை என் அறைக்கு வந்து, "நீங்க பாத்துக்குவீங்கன்ற தைரியத்துலதான் அண்ணா இதையே சொன்னேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

ஆறு வருடம் நான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். பதிவேடுகள் இருக்கின்றன. மூன்று முறை கல் கொட்டியிருக்கிறேன். இதைத் தயவுசெய்து விட்டுவிடாமல் எழுதுங்கள்.

ஏழாம் வருடம் மணல் ஏற்றிவந்த ஒரு படகு, படகென்றால் சின்னதில்லை, கயிறு அறுந்து இரண்டாம் டால்பினில் மோதியது. மோதி, தீப்பெட்டி மாதிரியே திரும்பிப் போனது. தூணில் ஒரு கீறல் இல்லை. மறுநாள் பத்திரிகையில் படம். சகலை டால்பின் மேல் நின்றுகொண்டு, நசுங்கிய இரும்பில் கை வைத்திருந்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல. மாமியார் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அதே ஆணியில் முன்பு எங்கள் கல்யாணப் படம் இருந்தது. அதை நடைக்கு மாற்றியிருந்தார்கள். நடையில் வெளிச்சம் குறைவு.

அந்த வாரம்தான் என் மகள் பள்ளியில், வளர்ந்தபின் என்ன ஆகப்போகிறாய் என்று ஒரு கட்டுரை எழுதினாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. என்னிடம் காட்டினாள். "நான் என் சித்தப்பாவைப் போல ஒரு பொறியாளர் ஆவேன்" என்று இருந்தது. எழுத்துப் பிழை எதுவும் இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவள் என்னிடம் ஏதும் கேட்கவில்லை. எனக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினாள்.

அதற்கு அடுத்த பரிசோதனையில்தான் அது தெரிந்தது. ஆற்றில் முங்கிப் பார்ப்பவரை நாங்கள் நீர்க்காக்கை என்போம். ஐம்பது வயதுக்காரர், கறுத்து ஒல்லியாக இருப்பார். கரையேறியதும் துண்டைக்கூடக் கேட்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"சார், ரெண்டாவது டால்பின் அடியில மண்ணு ஓடிப்போச்சு சார். போன தடவை மண்ணைத் தொட்ட எடத்துல நின்னா இப்ப என் தலைக்கு மேல இன்னொரு ஆள் உயரத்துக்குப் புதுசா இரும்பு தெரியுது. படகு இடிச்சதுல கொட்டின கல்லெல்லாம் சரிஞ்சு போச்சு போல."

"சரி, எழுதிக் குடுங்க" என்றேன்.

எழுதிக் கொடுத்தார். நான் கோப்பில் வைத்திருக்கும் முதல் தாள் அதுதான். ஓரத்தில் ஈரம் பட்டிருக்கும். கல் கொட்டினால் சரியாகிவிடக்கூடிய விஷயம். ஒரு வாரத்து வேலை. நான் படிவத்தை எடுத்து உத்தரவு எழுத உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்தேன். எழுதுமுன், கல் கொட்டினால் டால்பின் எவ்வளவு தாங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். துறைமுகத்துக்கு வரும் மிகப் பெரிய கப்பல், முழு எடையோடு, நீரோட்டத்தின் போக்கில் வந்தால் என்ன ஆகும் என்று. தாங்கும் என்று வந்தது. திரும்பவும் போட்டேன். மூன்றாவது முறை வேறு முறையில் போட்டேன். தாங்கும். அவர் பத்து நிமிடத்தில் தீப்பெட்டியைத் தள்ளிக் காட்டியது சரியாகத்தான் இருந்தது.

பேனாவை மூடிவிட்டேன். நீர்க்காக்கையின் தாளை மேசையின் கடைசி இழுப்பறையில் வைத்தேன். பதிவேட்டில் 'நிலை: நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஐயா, நான் எதையும் உடைக்கவில்லை. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. ஆறு தன் வேலையைச் செய்தது. நான் குறுக்கே போகவில்லை. ஒரு சின்ன உரசல் வரும், டால்பின் கொஞ்சம் சாயும், பத்திரிகையில் இன்னொரு படம் வரும், கூடத்து ஆணியில் மறுபடி இடம் காலியாகும். இவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

அடுத்த முறையும் நீர்க்காக்கை கேட்டார். "கல் எப்ப சார் கொட்டுவாங்க? இப்ப ரெண்டரை ஆள் உயரம் ஆயிடுச்சு." மேலே எழுதியிருக்கிறேன் என்றேன். அவருக்குச் சந்தேகம் வரவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது, வயதாகிவிட்டது, இனி தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று சொல்லி அவரைக் கிடங்குக்கு மாற்றினேன். என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். முழங்கால் வலி இருந்ததாம், சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தாராம். அதன்பிறகு யாரையும் முங்கச் சொல்லவில்லை. மேலும் ஐந்து முறை 'நன்று' என்று எழுதினேன். மொத்தம் எட்டு. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் எல்லாம் வழக்கம்போல் இருந்தது. சகலை குடும்பம் வரும், நாங்கள் போவோம். என் மகளுக்கு அவர் கணக்குச் சொல்லித்தருவார். அவள் அவர் சொல்வதைக் கேட்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்பாள். என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "அவர் எவ்ளோ பொறுமையா சொல்லித்தராரு பாத்தீங்களா" என்பாள் என் மனைவி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். பிற்பகல் மூன்று நாற்பது. நான் என் அறையில் இருந்தேன். ஜன்னலில் இருந்து பாலம் முழுவதும் தெரியும். பாலத்தில் வண்டிகளை நிறுத்துவதா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரம் பணியில் இருக்கும் பொறியாளருக்கு. அன்று அது நான். கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண் கூப்பிட்டாள். அவளுடைய குரல் பதிவாகியிருக்கும், நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

"சார், துறைமுகத்துலேர்ந்து கிளம்பின கப்பல்ல மொத்தமா கரண்ட் போயிடுச்சாம். திருப்ப முடியலையாம். நாலாம் தூணைப் பாத்து வருதுன்னு கப்பலுக்கு வழிகாட்ட ஏறின பைலட் சொல்றாரு. ரெண்டு பக்கமும் கேட்டை மூடிடட்டுமா?"

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஆறு நிமிஷம்னு சொல்றாங்க சார்."

ஆறு நிமிடம் போதும். கேட் மூட நாற்பது விநாடி. பாலத்தில் ஏற்கெனவே ஏறிய வண்டிகள் இறங்க மூன்று நிமிடம். அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

"வேண்டாம். டால்பின் இருக்கு, அது திருப்பிவிட்டுடும்" என்றேன்.

"நிச்சயமா சார்?"

"அதை டிசைன் பண்ணவரே சொல்லியிருக்காரும்மா. அவர் சொன்னதாவே எழுதிக்கோங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். முதலில் நான் சொன்னது, கேட்டை மூடினால் டால்பின் தாங்காது என்று எனக்கு எப்படித் தெரிந்தது எனக் கேள்வி வரும் என்று. அது பொய்யில்லை, ஆனால் முழுக்க உண்மையும் இல்லை. பைலட்டே ஆபத்து என்று சொல்லும்போது கேட்டை மூடினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சரியான முடிவு என்பார்கள். காலிப் பாலம் விழும். எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். கப்பல் மேல் தப்பு, மின்சாரத்தின் மேல் தப்பு, ஆற்றின் மேல் தப்பு என்று பேசிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். காலிப் பாலத்துக்காக யாரும் ஒரு மனிதனை வெறுக்க மாட்டார்கள். அது அந்த ஆறு நிமிடத்தில் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

கப்பல் சத்தமில்லாமல் வந்தது. இரண்டாம் டால்பினைத் தொட்டதும் டால்பின் ஆடும் பல் மாதிரி சாய்ந்தது. கப்பல் கொஞ்சமும் திரும்பவில்லை. தூண் முறிந்து, அதன் இருபக்கத்துத் தளமும் இறங்கியது. அப்போது அதன் மேல் தையல் ஆலையிலிருந்து வேலை முடிந்து வரும் பெண்களின் பேருந்து, ஒரு கார், இரண்டு பேர் போய்க்கொண்டிருந்த ஒரு ஸ்கூட்டர். இறந்தது பதினான்கு பேர். தூசி உள்ளே வரும் என்று ஜன்னலைச் சாத்தினேன்.

இருபதாவது நிமிடம் சகலை கரைக்கு வந்துவிட்டார். காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தான். வந்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். யாரையும் கேட்காமல் மீட்புப் படகில் ஏறினார். மூன்று பெண்களை உயிரோடு தூக்கிக் கொண்டுவந்தார். அந்த இடத்திலும் அவர்தான்.

அதன்பிறகு நான் நினைத்தது நடக்கும் என்று காத்திருந்தேன். பதிவேட்டில் எட்டு 'நன்று' இருந்தது. அப்படியானால் தப்பு டிசைனில்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் இலாகா அவரைக் கைது செய்தது. நான் அவரைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, நீங்க ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? நீங்க ஒழுங்காத்தான் செக் பண்ணியிருக்கீங்க, நான் ரிஜிஸ்டரைப் பாத்தேன். அப்ப தப்பு என் கணக்குலதான் இருக்கணும். நீங்க அன்னிக்கே கல் தீவு போடலாம்னு சொன்னீங்க. நான்தான் தீப்பெட்டியைக் காட்டி எல்லாரையும் சிரிக்க வெச்சேன்."

பதினோரு வருடமாக இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். வந்தபோது அது என் கையில் பிச்சை மாதிரி விழுந்தது. அவர் அழுதுகொண்டே எனக்கு ஆறுதல் சொன்னார். விசாரணைக் கமிட்டியிலும் இதைச் சொல்லுங்கள் தம்பி என்றேன். ஏற்கெனவே சொல்லிவிட்டேன் அண்ணா என்றார். மறுநாள் பத்திரிகையில் வந்தது. 'மூத்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்காதது என் குற்றம்: பொறுப்பேற்ற பொறியாளர் கண்ணீர்.' மூத்தவர் ஒருவர். பெயர் போடவில்லை. படம் அவருடையது.

நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போன அன்று, பேருந்தில் மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா அவரை அடிக்கக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கையை ஓங்கினார். சகலை விலகவில்லை, தலையைக் குனிந்து, "அடிங்கம்மா" என்று நின்றார். அந்த அம்மா ஓங்கிய கையை இறக்கி அவர் தோளில் சாய்ந்து அழுதார். சுற்றியிருந்த எல்லோரும் அழுதார்கள். நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். அந்த அம்மாவின் மகளை ஆற்றில் போட்டவன் பத்தடி தூரத்தில் நின்றான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் மனைவி தினமும் அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறாள். என் மகள் அவருக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறாள். 'தப்பை ஒப்புக்கொள்ள எவ்வளவு தைரியம் வேண்டும் என்று உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன்' என்று அதில் இருக்கிறது. மேசையில் கிடந்தது, படித்தேன். அன்றுதான் இழுப்பறையைத் திறந்து கோப்பை எடுத்தேன். அவர் ஒப்புக்கொண்டிருப்பது அவருடைய தப்பே இல்லை. அது என்னுடையது. பதினோரு வருடத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் அவர் எடுத்துக்கொள்வதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

காரணம் என்ற இடத்தில் மனசாட்சி என்று போடுங்கள். அதுதான் சரியாக இருக்கும்.

ஆமாம், எல்லாம் தெரிந்தே செய்தேன். மண் போனது தெரியும். டால்பின் சாயும் என்று தெரியும். பாலத்தில் ஆட்கள் இருப்பது ஜன்னலில் தெரிந்தது. பேருந்தைப் பார்த்தேன். பச்சை நிறம். கேட்டை மூட வேண்டாம் என்று சொன்னபின் அது பாலத்தில் ஏறியது.

இப்போது போனில் வந்த செய்தியைச் சொன்னீர்கள். நான் காலையில் ஒப்புக்கொண்டதை வைத்து அவர்மேல் குற்றமில்லை என்றாகிவிட்டது, மாலைக்குள் விட்டுவிடுகிறார்கள், வாசலில் பெரிய கூட்டம் நிற்கிறது, அந்த அம்மாவும் வந்திருக்கிறார், என் மனைவியும் மகளும் முன்னாலேயே போய்விட்டார்கள் என்று. சந்தோஷம். கையெழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் போட வேண்டுமா? போடுகிறேன், கொடுங்கள்.

அவரை வெளியே கொண்டுவந்தது நான்தான் என்று அங்கே நிற்பவர்களிடம் யாராவது சொன்னார்களா?